'கம்மிங் அவுட்' என்பதை 'அரங்கேற்றம்' என்று எழுதலாமா? ஒரு மொழிபெயர்ப்புச் சந்தேகம்

வியாசர்பாடி வாசகி (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் உட்கார்ந்து ஒரு பழைய ஆங்கில நாவலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மற்ற நாட்களில் அண்ணா சாலையில் ஓர் அலுவலகத்தில் வேலை. யாரும் கேட்டுச் செய்யவில்லை, அந்தக் கதை பிடித்துப்போய்ச் செய்கிறேன். 11 அத்தியாயம் முடிந்துவிட்டது. 12இல் மூன்று வாரமாக நிற்கிறேன்.

கதை இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு இங்கிலாந்தில் நடக்கிறது. பெண்ணுக்கு 18 வயது. கிராமத்தில் பெரிய மாளிகை. போரின்போது ராணுவம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தது. சுவரெல்லாம் ஆணி அடித்த ஓட்டை, மாடியில் மழை ஒழுகுகிறது. அந்த நிலையிலும் அவள் அம்மா அவளை லண்டனுக்கு அழைத்துப் போய் அரசர் குடும்பத்தின் முன் நிறுத்துகிறாள். அதற்குமுன் ஒரு நடனப் பள்ளியில் முழங்காலை மடக்கி வணங்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கே கண்ணாடிக்கு முன்னால் காலை மடக்கும்போது அவள் அழுகிறாள். ஏன் அழுதாள் என்று எழுதியவர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

இந்தச் சடங்குக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கம்மிங் அவுட்'. 'வெளியே வந்தாள்' என்று எழுதினால் அர்த்தமே இல்லை. 'அந்த வருஷம் அவளுக்கு அரங்கேற்றம்' என்று எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு பரதநாட்டியமா கத்துக்கிச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிறகு ஒரு தோழி, "வயசுக்கு வந்த சடங்குதானே, மஞ்சள் நீராட்டுன்னு போடு" என்றாள். அதை எழுதக் கை வரவில்லை. எனக்கு 13 வயதில் மண்டபம் பிடித்து அதைச் செய்தார்கள். தெருமுனையில் என் படம் போட்ட பேனர். வகுப்புப் பையன்கள் தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போவார்கள். இரண்டு வாரம் நான் பள்ளிக்கே போகவில்லை. என் மேல் ஒட்டியிருக்கிற அந்தச் சொல்லை, விஷயம் தெரியாமல் இன்னொரு பெண்மேல் ஒட்டக் கூடாது என்று தோன்றுகிறது.

அங்கே உண்மையில் என்னதான் நடந்தது? தமிழில் அதற்கு ஒரு சொல் இருக்கிறதா? இன்னொரு சின்ன விஷயம்: பாட்டியின் கல்யாண உடையைப் பிரித்து அவளுக்கு நடன விருந்துக்கான வெள்ளை கவுன் தைக்கிறார்கள். மேலே இரண்டு அடுக்கு 'ட்யூல்' என்று வருகிறது. அது என்ன துணி?


எழும்பூர் ரயிலடி:

'அறிமுக விழா' போதுமே. எல்லோருக்கும் புரியும்.


வியாசர்பாடி வாசகி:

அதையும் எழுதிப் பார்த்தேன் அண்ணா. எங்கள் அலுவலகத்தில் புது மேலாளர் வந்தாலும் அறிமுக விழாதான். அந்தப் பெண் படும் பதற்றம் அந்தச் சொல்லில் வரவில்லை.


திருவல்லிக்கேணி ஆசிரியை:

உங்கள் கேள்வியை இரண்டு தரம் படித்தேன் அம்மா. முப்பது வருஷத்துக்கு மேல் பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவள் நான். பாடத்தில் இந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு வரி விளக்கம் சொல்லிவிட்டு மேலே போயிருக்கிறேன். நீங்கள் மூன்று வாரம் நின்றிருக்கிறீர்கள். அதனால் தெரிந்ததையெல்லாம் எழுதுகிறேன்.

அதற்கும் உடம்பு வயதுக்கு வருவதற்கும் சம்பந்தம் இல்லை. 17, 18 வயதுவரை அந்த வீட்டுப் பெண் குழந்தைக் கணக்கில்தான் இருப்பாள். அதன் பிறகு ஒரு வருஷம் குறித்து, இனி இவள் பெரியவர்களோடு விருந்தில் உட்காரலாம், ஆண்களோடு நடனம் ஆடலாம், கல்யாணத்துக்குக் கேட்கலாம் என்று தங்கள் வட்டாரத்துக்கு அறிவிப்பார்கள். அந்த வருஷத்துப் பெண்ணுக்கு 'டெபுடாண்ட்' என்று பெயர். அறிவிப்பின் உச்சம் அரண்மனையில் நின்று வணங்குவது.

நினைத்தவர்கள் போய் நிற்க முடியாது. அரண்மனைச் சடங்குகளைக் கவனிக்கும் லார்டு சேம்பர்லின் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். பெண்ணே விண்ணப்பிக்க முடியாது. முன்பு அதே மாதிரி அரண்மனையில் நின்று வணங்கிய ஒரு பெண்மணி அவள் பெயரைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அம்மா, இல்லாவிட்டால் அத்தை, பாட்டி. அதாவது அம்மா நின்றிருந்தால்தான் மகளுக்கு வழி சுலபம். இந்த ஒரு விதியிலேயே அந்த மொத்த உலகமும் அடங்கியிருக்கிறது. பட்டம் இருந்து பணம் கரைந்துபோன சில சீமாட்டிகள், காசு வாங்கிக்கொண்டு புதுப் பணக்கார வீட்டுப் பெண்களை அழைத்துப் போனதும் உண்டு.

போருக்கு முன்பு இது இரவில் நடந்தது. தரையில் இழுபடும் நீள வால் வைத்த உடை, தலையில் மூன்று வெள்ளை இறகு. 1939இல் போர் வந்து நின்றுபோனது. 1947இல் மறுபடி தொடங்கியபோது வருஷக்கணக்கில் காத்திருந்த பெண்கள் குவிந்திருந்தார்கள். அரண்மனைத் தோட்ட விருந்திலேயே மொத்தமாக முடித்தார்கள். சில வருஷம் கழித்துத்தான் பழையபடி உள்ளே நடந்தது. ஆனால் இறகும் வாலும் திரும்பி வரவில்லை. பகல் நேரம், பகல் உடை, தொப்பி, கையுறை. உங்கள் நாவலில் அரண்மனைக் காட்சி பகலா இரவா என்று ஒருமுறை சரிபாருங்கள். வெள்ளை நீள கவுன் அதற்கு இல்லை, நடன விருந்துக்குத்தான்.

அரண்மனையில் பெயரை உரக்கக் கூப்பிடுவார்கள். போய் நின்று, இடது காலை வலது காலுக்குப் பின்னால் கொண்டுபோய், முதுகு நிமிர்ந்தபடி, தள்ளாடாமல் கீழே இறங்கி எழ வேண்டும். அரசிக்கு ஒருமுறை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் கணவருக்கு ஒருமுறை. சில விநாடியில் முடிந்துவிடும். அந்தச் சில விநாடிக்காக லண்டன் நைட்ஸ்பிரிட்ஜ் பக்கம் மேடம் வகானி பள்ளியில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பயிற்சி எடுத்தார்கள். உங்கள் கதையில் வரும் பள்ளி அதை மனதில் வைத்து எழுதியதாக இருக்கலாம்.

அதன் பிறகு ஜூலை கடைசிவரை 'சீசன்'. ராயல் அகாடமி ஓவியக் கண்காட்சி, செல்சி மலர்க் கண்காட்சி, ஆஸ்காட் குதிரைப் பந்தயம், ஹென்லி படகுப் போட்டி, இடையிடையே வீட்டுக்கு வீடு நடன விருந்து. இந்தச் சொல்லை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். மார்கழியில் ஒரு சபாவிலிருந்து இன்னொரு சபாவுக்கு ஓடுகிற சென்னைக்காரர்களுக்கு 'சீசன்' என்றால் அப்படியே புரியும்: யார் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் பெண் யாரோடு வந்திருக்கிறாள் என்று பார்ப்பது உட்பட.

சீசனில் பெரிய நடன விருந்து குயின் சார்லட் பெயரால் நடந்தது. 1780இல் மூன்றாம் ஜார்ஜ் தன் மனைவியின் பிறந்தநாளுக்காகத் தொடங்கியது. நம் கதைக் காலத்தில் அது அவர் பெயரில் இருந்த பிரசவ மருத்துவமனைக்கு நிதி திரட்டும் விருந்து. பார்க் லேனில் க்ரோவ்னர் ஹவுஸ் ஓட்டல். வெள்ளை கவுன் போட்ட பெண்கள் வரிசையாக வந்து ஒரு பெரிய பிறந்தநாள் கேக்கின் முன்னால் முழங்கால் மடக்கி வணங்குவார்கள். உங்கள் நாவலில் கேக் வந்தால் திகைக்க வேண்டாம்.

1957 நவம்பரில் அரண்மனை இதை நிறுத்தப் போவதாக அறிவித்தது. உடனே விண்ணப்பங்கள் குவிந்தன. 1958 மார்ச்சில் பக்கிங்ஹாம் அரண்மனையில் மூன்று நாளில் சுமார் 1,400 பெண்கள் வணங்கிவிட்டுப் போனார்கள். லண்டனில் அதுதான் கடைசி. அதே 1958இல்தான் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் முதல்முறையாகப் பெண்கள் உட்கார வழி செய்து சட்டம் வந்தது.

இனி சொல். 'சபையேறுதல்' என்று எழுதிப் பாருங்கள். 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்கிறோம். 'இந்தப் பேச்சு சபையேறாது' என்கிறோம். தகுதியுள்ளது என்று நாலுபேர் ஒப்புக்கொண்டால்தான் ஒன்று சபையேறும். ராஜசபை என்ற பொருளும் உள்ளே இருக்கிறது. 'அந்த வருஷம் அவள் சபையேறினாள்' என்றால் உடம்பைப் பற்றிய பேச்சு இல்லை, நாட்டியமும் இல்லை.


புரசை தையல்காரன்:

தங்கச்சி, வணக்கம். துணி விஷயம் மட்டும் நான் சொல்றேன். புரசைவாக்கத்துல 28 வருஷமா கடை. கிறிஸ்தவக் கல்யாண கவுன்தான் என் வேலையில முக்காவாசி. எனக்குத் தொழில் கத்துக்குடுத்தது வேப்பேரில இருந்த ஒரு ஆங்கிலோ இந்திய அம்மா. லண்டன்ல வந்த பழைய பேட்டர்ன் புக்கெல்லாம் அவங்க பெட்டியில இருக்கும்.

நீங்க சொல்ற 'ட்யூல்' நாங்க நெட்டுன்னு சொல்றது. கையில புடிச்சா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தெரியும். பழைய ஆளுங்க சல்லாத் துணின்னுவாங்க. கதைக்குச் சல்லாத் துணின்னே எழுதுங்க, நல்லா இருக்கும். பாவாடை விரிஞ்சு நிக்கறதுக்கு உள்ள வைக்கற விறைப்பான நெட்டு வேற, அதை கேன்கேன்னு கேட்டா சௌகார்பேட்டைல குடுப்பாங்க.

ஏன் மேல ரெண்டு அடுக்கு போட்டாங்கன்னு சொல்றேன். பாட்டியோட உடை சாட்டினா இருந்திருக்கும். சாட்டின்ல ஒருதடவை ஊசி ஏறினா அந்த ஓட்டை போகவே போகாது. பிரிச்சுத் தைச்சா பழைய தையல் ஓடின வழி புள்ளி புள்ளியாத் தெரியும். இடுப்புல டக் பிடிச்ச இடம், கை வச்ச இடம், எல்லாம் காட்டிக்குடுத்துடும். அதை மறைக்கத்தான் மேல நெட்டு. ஒரு அடுக்கு பத்தாது, வெளிச்சத்துல தெரியும். ரெண்டு அடுக்குன்னு எழுதினவங்க தைக்கறவங்க பக்கத்துல உக்காந்து பார்த்தவங்க.

பணம் இருந்தும் ஏன் புதுத் துணி வாங்கலன்னு கேக்கலாம். அங்க துணிக்கு ரேஷன். 1941 ஜூன்ல ஆரம்பிச்சாங்க. முதல் வருஷம் ஒரு ஆளுக்கு 66 கூப்பன். ஒரு கம்பளி கவுனுக்கே 11 போயிடும். 1949 மார்ச்சுலதான் எடுத்தாங்க. 1947 நவம்பர்ல எலிசபெத் இளவரசி கல்யாணத்துக்கே கூப்பன் கணக்கு இருந்துச்சு. அதே 1947 பிப்ரவரியில பாரீஸ்ல டியோர்ங்கற உடை வடிவமைப்பாளர், இடுப்பு சிறுத்து பாவாடை கெஜக் கணக்குல விரியற மாதிரி புது மோஸ்தர் கொண்டுவந்துட்டார். யோசிச்சுப் பாருங்க, பத்திரிகைல அந்தப் படம், கையில கூப்பன் இல்ல. அந்தக் காலத்துப் பொண்ணுங்க பாட்டி பெட்டியத் திறக்காம வேற என்ன செய்யும்.


திருவல்லிக்கேணி ஆசிரியை:

ஐயா, ஊசி ஓட்டை விஷயம் அருமை. இத்தனை வருஷம் இலக்கியம் படித்த எனக்கு இது தெரியாது. ரேஷன் பற்றி ஒன்று சேர்க்கிறேன். நம் சென்னை மாகாணத்தில் ராஜாஜி 1952இல் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். லண்டனில் சர்க்கரை ரேஷன் 1953வரை, இறைச்சி ரேஷன் 1954 ஜூலைவரை இருந்தது.


வியாசர்பாடி வாசகி:

மேடம், அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. நூலகத்தில் இதைப் படித்துவிட்டு உடனே பழைய பக்கங்களை எடுத்தேன். அரண்மனைக் காட்சி பகல்தான். நான் கவனிக்காமல் 'விளக்கொளியில்' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தேன். எடுத்துவிட்டேன். கவுனில் 'பழைய புள்ளிகள்' என்று ஒரு வரி இருந்தது. துணியின் டிசைன் என்று நினைத்துப் 'பூப்புள்ளிகள்' என்று எழுதிவிட்டேன். அது ஊசி ஓட்டை! அதையும் திருத்திவிட்டேன்.

'சபையேறினாள்' பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்று உறுத்துகிறது மேடம். எங்கள் பக்கம் நிச்சயதார்த்தத்தில் "பொண்ணைச் சபைக்குக் கூட்டிட்டு வாங்க" என்பார்கள். என் சடங்கிலும் "சபையில உக்கார வைங்க" என்றுதான் என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே நாற்காலியில் அசையாமல் இருந்ததுதான் ஞாபகம் வருகிறது. தகுதி, பெருமை எல்லாம் அதில் எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியாதா? பெரிய வீட்டுப் பெண், படித்தவள். ஏன் அழ வேண்டும்?


திருவல்லிக்கேணி ஆசிரியை:

நீங்கள் சொன்ன காரணத்துக்காகவே அந்தச் சொல்லை வையுங்கள். எனக்கு அதில் ஏறுவது மட்டும் கேட்டது, உங்களுக்கு உட்காரவைப்பது கேட்டது. அந்தப் பெண்ணுக்கு இரண்டும் நடந்தது.

வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியுமா என்று கேட்டீர்கள். அப்போது அங்கே சட்டப்படி முழு வயது 21. அதை 18 ஆக்கியது 1970இல்தான். 18 வயதுப் பெண் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இங்கிலாந்துக்குள் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. அந்தச் சம்மதம் தேவைப்படாத ஸ்காட்லாந்தின் எல்லைக்கு அதற்காகவே ஓடிப்போனவர்கள் உண்டு. மாளிகையும் பட்டமும் மூத்த மகனுக்கு. அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு வந்தால் அவள் அந்த வீட்டில் விருந்தாளி. அந்த வீடும் நிற்குமா என்று தெரியாது. சொத்து வரி கடுமையான காலம். மிகப் பெரிய சொத்துகளுக்கு வாரிசு வரி 1949இல் 80 சதவீதம்வரை போனது. 1950களில் அப்படிப்பட்ட மாளிகைகளை நூற்றுக்கணக்கில் இடித்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும், குதிரை ஏறத் தெரியும், பூ அடுக்கத் தெரியும். சம்பளம் வாங்க எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. பழைய காலத்தில் லண்டனில் வரன் அமையாத பெண்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றுவார்கள், இங்கே அதிகாரிகளும் ராணுவத்தாரும் இருந்தார்கள். 1947க்குப் பிறகு அந்த வழியும் இல்லை.

படித்தவள் என்றீர்கள். அந்த வீடுகளில் பலவற்றில் மகனுக்குத்தான் பல்கலைக்கழகம், மகளுக்குச் சீசன். கேம்பிரிட்ஜில் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்கத் தொடங்கியதே 1948இல். நான் படித்தது கடற்கரை எதிரே ராணி மேரி கல்லூரியில். 1914இல் தொடங்கியது, சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி. கேம்பிரிட்ஜ் யோசித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அங்கிருந்து பெண்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த மேரி யார் தெரியுமா? ஐந்தாம் ஜார்ஜின் மனைவி. 1920களில் உங்கள் கதாநாயகியின் அம்மா மூன்று இறகு வைத்துக்கொண்டு வணங்கியிருந்தால், அது அவர் முன்னால்தான். அந்தப் பெயர் பொறித்த வாசல் வழியாக நான் மூன்று வருஷம் தினமும் நடந்து போனேன். அது என் அதிர்ஷ்டம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் 1971இல், அதே கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, என்னையும் பெண் பார்க்க வந்தார்கள். திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து ஒன்பது பேர். "சபைக்கு நமஸ்காரம் பண்ணும்மா" என்றார் பெரியப்பா. காபித் தட்டை வைத்துவிட்டு விழுந்து வணங்கினேன். எழுந்ததும் வந்தவர்களில் ஒரு அம்மாள், "ஜன்னல் வரைக்கும் கொஞ்சம் நடந்துட்டு வரச் சொல்லுங்கோ" என்றார். கால் ஊனமா என்று பார்க்க. நடந்தேன். ஷேக்ஸ்பியரில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவள், ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தேன். ஒருவர்கூடக் கடுமையாகப் பேசவில்லை. எல்லோரும் பிரியமாகத்தான் இருந்தார்கள். இரவு கொல்லையில் பாத்திரம் தேய்க்கும்போது அழுதேன். அம்மா ஏன் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த இடம் அமையவில்லை. இரண்டு வருஷம் கழித்து வேறு இடத்தில் ஆனது. 1989இல் நம் மாநிலத்தில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்தபோது, அதற்குமுன் கல்யாணமானவர்களுக்கு அது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அது வேறு கதை.

கண்ணாடி முன்னால் முழங்காலை மடக்கும்போதுதான் அவள் அழுகிறாள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தை நான் நம்புகிறேன். அரசியின் முன்னால் நிற்கும்போது தன்னைத் தான் பார்க்க முடியாது. கண்ணாடி முன்னால் பார்க்க முடியும். எனக்கு அந்தக் கூடத்தில் கண்ணாடி இல்லை.

ஒரு வேண்டுகோள். எழுதியவர் காரணம் சொல்லவில்லை என்றால் நீங்களும் சேர்க்காதீர்கள். 'வெட்கத்தால்', 'பயத்தால்' என்று ஒரு சொல் போடக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள்.


வியாசர்பாடி வாசகி:

மேடம், இதற்கு உடனே பதில் எழுத முடியவில்லை. இரண்டு நாள் ஆகிவிட்டது.

'துக்கத்தால்' என்று போட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது:

"அந்த வசந்தத்தில் அவள் சபையேற வேண்டும் என்று முடிவாயிற்று. இடது காலைப் பின்னால் கொண்டுபோ, என்றாள் ஆசிரியை. கொண்டுபோனாள். இறங்கு. இறங்கினாள். கண்ணாடியில் இன்னொருத்தியும் இறங்கினாள். எழு, என்றாள் ஆசிரியை. அவள் அழுதுகொண்டிருந்தாள்."

நேற்று ராத்திரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பரதநாட்டியமா என்று கேட்கவில்லை. கொஞ்சநேரம் சும்மா இருந்தார். பிறகு பீரோவைத் திறந்து என் சடங்கு ஆல்பத்தை எடுத்துவந்து, "இதுல நீ ஒரு போட்டோலகூட நேரா பார்க்கல பாரு" என்றார். எனக்கு 13 வயதிலிருந்து அந்த ஆல்பம் அந்த வீட்டில் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதைப் பார்த்தது நேற்றுதான்.

தையல் அண்ணா, 13ஆம் அத்தியாயத்தில் முழங்கைவரை நீளும் கையுறை வருகிறது. அதில் மணிக்கட்டுப் பக்கம் சின்னதாகத் திறந்து பொத்தான் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். அந்தத் திறப்பு எதற்கு? மேடம், கேக்கும் வந்துவிட்டது.